படியும் பதிலியும்

1776ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்ற நாடுகளில் எழுதப்பெறும் பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளின் படியொன்று வெர்சாய்க் காப்பகத்திற்கு வருதல் வேண்டும் என்பது அதன் கருத்து. காரைக்கால் ஏடுகளும் இம்முறையில் கடல் கடந்தன. அவற்றின் படிகள் இன்று எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கரையானுக்கும் வெள்ளத்திற்கும் அஞ்சும் கழிமுகக் கரைக்கு இஃது ஏற்ற காவலே. எனினும் அது படி, பதிலி அன்று. காரைக்கால் அலுவலகம் எரியுமாயின், மறுநாள் பிறக்கும் குழந்தையின் பெயரைப் பிரான்சிலுள்ள ஏடு பதிந்துகொள்ளாது.

வங்கி, பங்குச் சந்தை, தொடர்வண்டி முன்பதிவு ஆகியவற்றின் கணிப்பொறிகளுக்கோ படி மட்டும் போதாது, பதிலியே வேண்டும். முதன்மை வழங்கி வீழ்ந்தவுடன் அதன் பணியை ஏற்று நடத்தும் பொறியைக் ‘காத்திருப்பு வழங்கி’ என்பர். காத்திருத்தல் சோம்பலைக் குறிப்பதாகலின் ‘பதிலி வழங்கி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

பதிலி வாளா இருப்பதன்று. முதன்மை வழங்கி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் குறிப்பேட்டில் எழுதி அனுப்ப, பதிலி அதனை அவ்வரிசையிலேயே தானும் நிகழ்த்திக்கொள்கிறது. குறிப்புச் சேர்ந்தது என்னும் மறுமொழி வரும்வரை முதன்மை பொறுத்திருப்பின் எதுவும் இழக்கப்படாது. ஆனால் தொலைவு மிகுந்தோறும் வேகம் குன்றும். பொறுத்திராது மேற்செல்லின் விபத்தின்போது இறுதிப் பதிவுகள் சில மறையும். கடை ஏடுகள் உதிர்ந்த சுவடியைக் கையாண்டோர் இவ்விழப்பை உணர்வர். இதனாலேயே பங்குச் சந்தைகள் அண்மையில் ஒரு நிலையமும் சேய்மையில் ஒரு நிலையமுமாக இரண்டினைப் பேணுகின்றன.

இனி, முதன்மை இறந்ததெனப் பதிலி அறிவது எவ்வாறு? இடைவிடாது வரும் ‘நாடித்துடிப்பு’ நின்றமை கொண்டு அறியும். ஆனால் அறுந்தது இடையிலுள்ள கம்பியாகவும் இருக்கலாம். அப்போது இரு வழங்கிகளும் தாமே தலைமை எனக் கருதிக் கணக்கெழுதும். ஒரு நூலுக்கு இரு பாடம் இருப்பின் பதிப்பாசிரியர் ஒன்றை மேலே கொண்டு மற்றதை அடிக்குறிப்பாக்குவார். ஒருவருடைய வங்கி இருப்புக்குப் பாடவேறுபாடு இருத்தல் ஆகாது. எனவே பழைய தலைமையை முற்றும் விலக்கிய பின்னரே பதிலி பொறுப்பேற்றல் வேண்டும். யார் தலைமை என்பதை மூன்றாம் சான்று ஒன்றின் வாக்கால் துணிவதும் உண்டு.

பதிலி இருந்தும் பயன்படாமற் போதல் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பைத் தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுபட, இடர் கண்காணிக்கும் அமைப்பு நின்றது. முற்பகல் 11.40க்கு வணிகம் நிறுத்தப்பட்டது. சென்னையில் மாற்று நிலையம் இருந்தும் பணி அங்கு மாற்றப்படவில்லை. முதன்மை நிலையம் சீர்பட்டுப் பிற்பகல் 3.45க்கே வணிகம் மீண்டது. குறை பொறியினதன்று, மாற்றுக என்று ஆணையிடும் துணிவினது. அடுத்த திங்களிலேயே செபி விதி வகுத்தது: இன்றியமையாத அமைப்பு முடங்கின் 30 நிமிடத்துள் பேரிடர் என அறிவித்தல் வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துள் பணி மீளல் வேண்டும். பின்னர், 2024 மார்ச் 2, விடுமுறைச் சனிக்கிழமையன்று, சிறப்பு வணிகத்தின் முற்பகுதி முதன்மை நிலையத்திலிருந்தும் பிற்பகுதி மாற்று நிலையத்திலிருந்தும் நடத்தப்பெற்றன.