ரியூனியன்: நெருப்புத் தீவில் ஒரு சுற்று

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவைக் கரையோரச் சாலையில் சுற்றிவரச் சுமார் 200 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அவசரம் வேண்டாம், நேயர்களே! மலையூரான சிலாவோஸுக்கு ஏறும் சாலையில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். அதற்கே தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையைப் பார்க்க, இருட்டோடு கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறியதும் மேகம் மூடிக்கொள்ளும்.

தென்கிழக்குக் கரையில், 2007-இல் நெருப்புக் குழம்பு சாலையைக் கடந்து கடலில் இறங்கியது. இறுகிய அந்தக் கரும்பாறைமேல் இன்று கார்கள் ஓடுகின்றன. பாறை வெடிப்புகளில் பெரணி துளிர்க்கிறது. சற்று வடக்கே, சேந்த்-ரோஸ் பகுதியில், 1977-இல் குழம்பு தேவாலய வாசல்வரை வந்து நின்றது. அவசியம் இறங்கிப் பாருங்கள்.

சேன்-ஆந்த்ரேயில், கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பிய கோயில்களும் உண்டு.