பனிக்கோளத் தரவுகள்

பனிக்கோளத் தரவுகள் என்பவை புவியில் உறைந்த நிலையில் உள்ள நீரைப் பற்றிச் செயற்கைக்கோள்கள் வழியாகவும் களத்தில் நேரடியாகவும் திரட்டப்படும் அளவீடுகள் ஆகும். நிலத்தில் பெய்து கிடக்கும் வெண்பனி, மலைகளில் உள்ள பனியாறுகள், அண்டார்க்டிகாவையும் கிரீன்லாந்தையும் மூடியுள்ள பனிவிரிப்புகள், துருவக் கடல்களில் மிதக்கும் கடற்பனி, ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும் மண் ஆகியவை அனைத்தும் சேர்ந்து பனிக்கோளம் எனப்படுகின்றன. புவியின் நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டியாகவே உள்ளது.

இந்தியாவுக்கு இத்தரவுகள் இரு வகைகளில் இன்றியமையாதவை. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளின் நீரில் ஒரு பகுதி இமயமலையின் பனியிலிருந்து வருகிறது. மற்றொன்று கடல்மட்டம். நிலத்தில் உள்ள பனி உருகிக் கடலில் சேரும்போது, பனியையே காணாத புதுச்சேரி போன்ற கடற்கரை நகரங்களிலும் அதன் விளைவு தெரியும்.

இரு வகைத் தரவுகளின் தேவை

பனி நிறைந்த இடங்கள் பெரும்பாலும் மனிதர் எளிதில் சென்றடைய முடியாதவை. இந்திய இமயமலையில் மட்டும் 9,575 பனியாறுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பட்டியலிட்டுள்ளது. இவற்றுள் ஆண்டுதோறும் நேரில் அளக்கப்படுபவை மிகச் சில. எஞ்சியவற்றைச் செயற்கைக்கோள் வழியாகவே அறிய முடியும்.

ஆனால் செயற்கைக்கோள் பனியின் எடையையோ ஆழத்தையோ நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது ஒளியின் அளவு, நுண்ணலையின் வலிமை, அலை திரும்பி வர எடுக்கும் நேரம் போன்றவற்றையே. அவற்றைப் பனியின் பரப்பாகவும் தடிமனாகவும் நீரளவாகவும் மாற்றுவதற்குக் களத்தில் எடுத்த அளவுகள் தேவை. எனவே களத் தரவு செயற்கைக்கோள் தரவுக்கு உரைகல்லாகவும், செயற்கைக்கோள் தரவு களத் தரவை விரிவாக்கும் கருவியாகவும் பயன்படுகின்றன.

செயற்கைக்கோள் அளவீட்டு முறைகள்

ஒளிப்படமிகள்: வெண்பனி கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது, குறுஅலை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு உட்கவர்கிறது. மேகமோ இரண்டையும் திருப்பி அனுப்பும். மேலிருந்து பார்க்க இரண்டும் வெண்மையாக இருந்தாலும், இந்த வேறுபாட்டைக் கொண்டு பனியையும் மேகத்தையும் பிரித்தறியலாம். 1972 முதல் இயங்கும் லேண்ட்சாட் வரிசையும், இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள ஏவிஃப்ஸ் படமியும் இவ்வகையின. மேகம் மூடியிருந்தாலும் துருவ இரவிலும் இவற்றால் பயனில்லை.

நுண்ணலை உணரிகள்: எல்லாப் பொருள்களும் இயல்பாகவே மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகின்றன. கடற்பனி வெளியிடும் அளவும் திறந்த கடல்நீர் வெளியிடும் அளவும் வேறுபடுவதால், இருட்டிலும் மேகத்தினூடாகவும் கடற்பனியைக் கண்டறிய முடிகிறது. 1978-இன் இறுதியில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளுடன் தொடங்கிய இவ்வரிசை இன்றுவரை நீள்கிறது. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் பனி இருந்தால் அதனைப் பனிப்பரப்பில் சேர்ப்பது வழக்கம். இம்முறைப்படி ஆர்க்டிக்கின் மிகக் குறைந்த பரப்பு 2012 செப்டம்பரில் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கி.மீ. எனப் பதிவானது.

உயரமானிகள்: செயற்கைக்கோளிலிருந்து கீழே அனுப்பப்படும் அலை பனிப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, அப்பரப்பின் உயரம் கணக்கிடப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தை மீண்டும் அளந்தால் பனி தாழ்ந்ததா உயர்ந்ததா எனத் தெரியும். ஐரோப்பாவின் கிரையோசாட்-2 (2010) ரேடார் அலையையும், நாசாவின் ஐஸ்சாட்-2 (2018) லேசர் ஒளியையும் பயன்படுத்துகின்றன.

ஈர்ப்பு அளவீடு: 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியில் சுற்றின. கீழே நிறை மிகுந்த பகுதி வரும்போது முன்செல்லும் செயற்கைக்கோள் சற்று முன்னதாக ஈர்க்கப்படும், இடைவெளி மாறும். அம்மாற்றத்திலிருந்து பனிவிரிப்பு எவ்வளவு நிறையை இழந்தது எனக் கணக்கிடப்பட்டது. 2018 முதல் கிரேஸ்-எஃப்ஓ இப்பணியைத் தொடர்கிறது.

ரேடார் படமிகள்: இவை தாமே அலையை அனுப்பித் திரும்பப் பெறுவதால் இரவிலும் மேகத்திலும் படமெடுக்கும். பனியாறு நகரும் வேகத்தை அளக்க ஏற்றவை. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இது 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தை அதே கோணத்தில் பார்க்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

சரல்: இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோள்

புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. வடக்கே, அதே சோழமண்டலக் கடற்கரையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 பிப்ரவரி 25 அன்று பி.எஸ்.எல்.வி.-சி20 ஏவூர்தி சரல் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. செயற்கைக்கோளின் உடலை இஸ்ரோவும், அதன் முதன்மைக் கருவியான ஆல்டிகா உயரமானியைப் பிரான்சின் விண்வெளி முகமையும் உருவாக்கின. சரல் ஏறத்தாழ 800 கி.மீ. உயரத்தில், 35 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்தில் திரும்பி வரும் வகையில் சுற்றியது. முன்னர் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்., என்விசாட் செயற்கைக்கோள்கள் சென்ற தடமும் இதுவே. ஆகவே 1990-களில் தொடங்கிய உயர அளவீட்டின் தொடர்ச்சியாக இதன் தரவைப் பயன்படுத்த முடிந்தது.

ஆல்டிகாவின் சிறப்பு அதன் அலைவரிசை. முந்தைய உயரமானிகள் கு-அலைவரிசையில், ஏறத்தாழ 13.5 கிகாஹெர்ட்சில் இயங்கின. அந்த அலைகள் உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் ஆழம் வரை ஊடுருவக்கூடியவை. ஆகவே திரும்பி வந்த அலை மேற்பரப்பைக் காட்டுகிறதா, உள்ளடுக்கைக் காட்டுகிறதா என்ற ஐயம் இருந்தது. ஆல்டிகா 35.75 கிகாஹெர்ட்சில், கா-அலைவரிசையில் இயங்குவதால் அதன் அலை பனிக்குள் குறைவாகவே புகுந்து மேற்பரப்பை ஒட்டிய உயரத்தைத் தருகிறது. மழையும் மேகநீரும் இந்த அலையை வலுவிழக்கச் செய்வது இதன் குறை. வறண்ட துருவக் காற்றில் அக்குறை பெரிதாகத் தெரிவதில்லை.

கள அளவீடுகள்: சோட்டா சிக்ரி

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல்-ஸ்பிதி மாவட்டத்தில், சந்திரா ஆற்றுப் படுகையில் உள்ள சோட்டா சிக்ரி பனியாறு ஏறத்தாழ 9 கி.மீ. நீளமும் 15.5 சதுர கி.மீ. பரப்பும் கொண்டது. 2002 முதல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இணைந்து இதன் நிறைச்சமநிலையை ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர். இமயமலையில் நீண்டகாலத் தொடர் அளவீடு உள்ள சில பனியாறுகளுள் இதுவும் ஒன்று.

நிறைச்சமநிலை என்பது ஓராண்டில் பனியாற்றில் சேர்ந்த பனிக்கும் அதிலிருந்து இழந்த பனிக்கும் உள்ள வேறுபாடு. இது வங்கிக் கணக்கின் வரவு செலவு போன்றது. அளக்கும் முறை எளியது. ஆனால் உழைப்பு மிகுந்தது.

1. பனியாற்றின் கீழ்ப்பகுதியில் நீராவித் துளைப்பானால் துளையிட்டு மூங்கில் கழிகள் நடப்படுகின்றன. ஓராண்டுக்குப் பின் கழி எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு பனிக்கட்டி உருகியுள்ளது எனப் பொருள்.
2. மேற்பகுதியில் குழி தோண்டி அல்லது துளையிட்டு அவ்வாண்டு சேர்ந்த பனியின் தடிமனும் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன.
3. இரண்டும் நீரளவாக மாற்றப்படுகின்றன. பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோகிராம். எனவே 2 மீட்டர் கழி வெளிப்பட்டால் இழப்பு 1.8 மீட்டர் நீராகும்.
4. ஒவ்வோர் உயரத்திலும் பெற்ற மதிப்பு, அவ்வுயரத்தில் உள்ள பரப்பால் பெருக்கிக் கூட்டப்படுகிறது.

2002 முதல் 2014 வரையிலான காலத்தில் சோட்டா சிக்ரி ஆண்டுக்குச் சராசரியாக 0.56 மீட்டர் நீருக்கு இணையான பனியை இழந்தது. அதன் பரப்பால் பெருக்கினால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 87 லட்சம் கன மீட்டர் நீர் ஆகும். சில ஆண்டுகளில் வரவு மிகுந்தும் இருந்தது. ஓரிரு ஆண்டு அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இது சான்று.

இதே சந்திரா படுகையின் பனியாறுகளை ஆராய, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் 2016-இல் ஹிமான்ஷ் என்னும் ஆய்வு நிலையத்தைக் கடல்மட்டத்திலிருந்து 13,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைத்தது. அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்களும் ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி நிலையமும் இந்தியாவுக்கு உள்ளன. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்புடன் உருவான இண்டார்க் என்னும் நீரடி ஆய்வுக்கலம் 2014-இல் ஆர்க்டிக்கின் கோங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது.

தரவு குறைவால் நேர்ந்தவை

2007-இல் வெளியான காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் நான்காம் அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற வரி இடம்பெற்றது. அதற்கு உரிய அறிவியல் சான்று இல்லை என 2010 ஜனவரியில் அக்குழு ஒப்புக்கொண்டது. பின்னர் 1970-களின் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களையும் பிற்காலப் படங்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, இமயமலையின் பனி இழப்பு 1975-2000 காலத்தைவிட 2000-2016 காலத்தில் இருமடங்கானதைக் காட்டியது. அதாவது, 2035 என்ற ஆண்டு தவறு. பனி குறைந்து வருவது உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல உதவியது தரவுதான்.

2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பனியாற்று ஏரி உடைந்ததே காரணம் என முதலில் கருதப்பட்டது. ரோந்தி சிகரத்தின் சரிவிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே காரணம் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் தெளிவாக்கின.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பல ஆண்டுகளாகப் பெருகி வருவது செயற்கைக்கோள் படங்களில் பதிவாகியிருந்தது. 2023 செப்டம்பர் 28 அன்று அதன் பரப்பு 167.4 ஹெக்டேர். ஏரி உடைந்தபின் அக்டோபர் 4 அன்று அது 60.3 ஹெக்டேராகக் குறைந்திருந்ததை இஸ்ரோ வெளியிட்ட படங்கள் காட்டின. வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. முன்னெச்சரிக்கைக் கருவிகளை நிறுவும் பணி முழுமை பெறாத நிலையிலேயே இது நிகழ்ந்தது. ஆபத்தைப் படத்தில் காண்பது வேறு, அதனைக் கீழே வாழும் மக்களுக்கு உரிய நேரத்தில் அறிவிப்பது வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

புதுச்சேரியும் கடல்மட்டமும்

ஏற்கெனவே நீரில் மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. நிலத்தின் மேலுள்ள பனியாறுகளும் பனிவிரிப்புகளும் உருகினால்தான் கடல்நீர் கூடும். ஏறத்தாழ 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் சராசரியாக 1 மில்லிமீட்டர் உயரும். உயரமானிகள் தொடர்ந்து அளக்கத் தொடங்கிய 1993 முதல் இதுவரை கடல்மட்டம் ஏறத்தாழ 10 செ.மீ. உயர்ந்துள்ளது. 2006-2018 காலத்தில் இவ்வுயர்வுக்குக் கடல்நீர் வெப்பத்தால் விரிவதைவிடப் பனியாறுகளும் பனிவிரிப்புகளும் நிறை இழந்ததே முதன்மைக் காரணம்.

இவ்வுயர்வு எல்லா இடங்களிலும் சமமாக இருப்பதில்லை. பெரிய பனிவிரிப்பு தன் ஈர்ப்பால் அருகிலுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கும். பனி குறையும்போது அந்த ஈர்ப்பும் குறைந்து, நீர் தொலைவிலுள்ள கடல்களுக்கு நகரும். இதனால் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் உருகலின் விளைவு வெப்பமண்டலக் கடற்கரைகளில் உலகச் சராசரியைவிடச் சற்று மிகுதியாக இருக்கும்.

எனினும் புதுச்சேரியின் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பரப்பு கடந்த பல ஆண்டுகளில் அழிந்ததற்குப் பனி உருகல் முதன்மைக் காரணம் அன்று. இக்கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 1980-களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் அதனை மறித்ததால் வடபுறம் மணல் வரவு நின்றது. கடல்மட்ட உயர்வு இதன்மேல் கூடும் இரண்டாவது சுமை: மணல் இழந்த கரையில் புயல் அலைகள் மேலும் உள்ளே வர அது வழிவகுக்கும். இரு காரணங்களுக்கும் தீர்வு வெவ்வேறு என்பதால் அவற்றைப் பிரித்தறிவது திட்டமிடுவோருக்குத் தேவையானது.

வரம்புகள்

கிரேஸ் வகை அளவீடு சில நூறு கி.மீ. பரப்பின் மொத்த நிறையை மட்டுமே காட்டும். தனி ஒரு பனியாற்றைக் காட்டாது. ரேடார் உயரமானிகள் செங்குத்தான மலைச்சரிவுகளில் பிழைபடும். பனியாற்றின் மேல் கற்களும் மண்ணும் மூடியிருந்தால் ஒளிப்படத்தில் அது வெறும் நிலமாகத் தோன்றும். இமயமலையில் இத்தகைய பனியாறுகள் பல. களத் தரவோ எளிதில் ஏறக்கூடிய பனியாறுகளிலேயே பெரும்பாலும் எடுக்கப்படுவதால், அவை முழு மலைத்தொடரையும் சரியாகப் பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை. காரகோரம் பகுதியில் 2000-க்குப் பின்னும் சில காலம் பல பனியாறுகள் நிலையாக இருந்தது, ஓரிடத்து முடிவை மற்றோர் இடத்துக்குப் பொருத்தக்கூடாது என்பதைக் காட்டியது.

தரவுகளைப் பெறுதல்

இத்தரவுகளில் பெரும்பகுதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனி மற்றும் பனிக்கட்டித் தரவு மையம் கடற்பனி, பனிவிரிப்பு, வெண்பனித் தரவுகளை வழங்குகிறது. சூரிச்சில் உள்ள உலகப் பனியாறு கண்காணிப்புப் பணியகம் நிறைச்சமநிலை அளவுகளைத் தொகுக்கிறது. இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் சரல் தரவும், புவன் தளத்தில் இந்தியச் செயற்கைக்கோள் படங்களும் உள்ளன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் அனைவருக்கும் இலவசம்.

தொடக்க நிலை மாணவர்கள், ஆர்க்டிக் கடற்பனியின் செப்டம்பர் மாதப் பரப்பை 1979 முதல் பதிவிறக்கி விரிதாளில் வரைபடமாக்கலாம். அடுத்ததாக, தெற்கு லோனாக் ஏரியின் பழைய, புதிய லேண்ட்சாட் படங்களை ஒப்பிட்டு அதன் பரப்பை அளக்கலாம். இரண்டுக்கும் இணைய இணைப்புள்ள ஒரு சாதாரணக் கணினி போதும்.