சிறுத்தை கடக்கும் வழி

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிட வருபவர்கள் அதிகம் கவனிக்காதது: சுற்றிலும் கரடும் காப்புக்காடும், மேற்கே பச்சைமலை. இப்படிப்பட்ட இடத்துக்குச் சிறுத்தை வரலாம். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரில் கேமராவில் சிக்கியது ஒரு சிறுத்தை. சில நாளில் அரியலூர் மாவட்டம் செந்துறையிலும் சிறுத்தை நடமாட்டம் பதிவானது. ஓடை, முந்திரித் தோப்பு என மறைவு கிடைத்தால் போதும், யார் கண்ணிலும் படாமல் ஊரைக் கடந்துவிடும்.

ஆட்டுப்பட்டியின் படல் அதற்கு ஒரு தாவு. இரவில் கூரையுள்ள கொட்டகையில் ஆடுகளை அடையுங்கள். கூட்டமாக விரட்டப் போகாதீர்கள். வழி அடைபட்டால் பாயக்கூடும்.

காலடித் தடம் கண்டால் கலைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நகக்குறி தெரிந்தால் அநேகமாக அது நாய். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்தே நடக்கும்.