கடைசி எண் ஆடுகிறதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசை நிறுக்கும் ஒரு மின்னணுத் தராசு 84.250 கிராம், 61.480 கிராம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கொலுசு நிறுத்த பின்பும் கடைசி இலக்கம் சுழியாகவே இருந்தால்? தராசு மில்லிகிராமை அளக்கவில்லை, வெறும் சுழியை ஒட்டிக் காட்டுகிறது என்றுதானே பொருள்?

இதே ஐயம் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒலி அட்டையைப் பற்றி எழுந்தது. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, கணிப்பொறிக்கு எண்களாகத் தருவது இவ்வட்டை. 1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டில் ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது 65,536 படிகள். நாங்கள் வாங்கியதோ 24 பிட், 1,67,77,216 படிகள்! மொத்த வீச்சு 2 வோல்ட் எனில், 16 பிட்டில் ஒரு படி சுமார் 30 மைக்ரோவோல்ட். 24 பிட்டில் 0.12 மைக்ரோவோல்ட்.

இசைக்கவையைத் தட்டி, ஓசை தேய்ந்து மறைவதைப் பதிவு செய்தோம். முடிவில் அலை வளைவாக இல்லை, படிக்கட்டாக நின்றது. எண்களைப் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், எல்லாமே 256ஆல் மீதியின்றி வகுபடுகிறதே!" என்றாள். கீழுள்ள 8 பிட்டுகளும் சுழி என்பதே இதன் பொருள்.

உண்மையான 24 பிட் பதிவில் இப்படி நிகழாது. 1000 ஓம் மின்தடை ஒன்று சும்மா மேசைமேல் கிடந்தாலும், எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் அதன் முனைகளில், 20,000 ஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டால், சுமார் 0.6 மைக்ரோவோல்ட் இரைச்சல் எழும். இத்தகைய இரைச்சலை அளந்து 1928இல் ஜான்சன் என்பவர் விரிவாக வெளியிட்டார். நமது கணக்கில் அது ஐந்து படி! ஆகவே கடைசிப் பிட்டுகள் ஓயாமல் ஆடியே தீரும். அவை அமைதியாக இருந்தால்தான் சந்தேகம்.

கடைக்காரருக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். நல்லவேளை, அஞ்சலில் சேர்க்கவில்லை! கணிப்பொறியின் ஒலி அமைப்பில் '16 பிட்' என்று இருந்தது. அது கீழ்ப் பிட்டுகளை நறுக்கிவிட, பதிவு நிரல் எட்டுச் சுழிகளை ஒட்டியிருக்கிறது. அமைப்பை மாற்றியதும் எண்கள் ஆடின.

ஆடினால் மட்டும் போதுமா? போதாது, மாணவர்களே. கணிப்பொறியில் ஒலியளவைக் குறைத்து வைத்தால், அந்தப் பெருக்கலிலேயே சுழிகள் மறைந்து போலி எண்கள் வந்து உட்காரும். எனவே ஒலியளவை 100இல் வைத்தோம். உள்ளீட்டின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து, 'மௌன'த்தைப் பதிவு செய்தோம். எண்களின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டால் 2 மைக்ரோவோல்ட். வெறும் 16 பிட்டின் படிப்பிழையே சுமார் 9 மைக்ரோவோல்ட் வரும். கணக்கிட்டால், 24 என்று அச்சிட்ட எங்கள் அட்டையில் பயனுள்ளவை ஏறத்தாழ 18 பிட்டுகள்.

மறுபடி தட்டிய இசைக்கவையின் வால், 20 மைக்ரோவோல்ட் வரை வளைவாகவே தெரிந்தது.