காருக்குள்ள ஒரு குளம்

போன நவம்பர்ல ஒரு நாள் காலைல காரை எடுக்கப் போனா, கண்ணாடி எல்லாம் உள்பக்கமா வேர்த்து நிக்குது. பக்கத்து சீட்டுக்கு முன்னாடி பையை வெச்சேன், சொதக்! மேட்டைத் தூக்கினா கார்பெட் முழுக்க ஈரம்.

எசன்ல மழை என்ன புதுசா? ஷூவோட வந்த தண்ணின்னு நினைச்சு, கார்பெட் ஷாம்பு வாங்கி நுரை பொங்கத் தேய்ச்சு, துணியால ஒத்தி எடுத்து, எலுமிச்சை வாசனை அட்டை ஒண்ணையும் தொங்கவிட்டேன். ரெண்டு நாள் கார் மணத்துச்சு. மூணாம் நாள், ஊறப்போட்டு மறந்துபோன துணி வாடை. கூடவே எலுமிச்சை. அவ்வ்வ்வ்!

அப்பத்தான் மனசுக்குள்ள சனி புகுந்துச்சு. இந்தக் காரை எனக்கு வித்தது இங்க இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. மாணவன்னு விலையைக் குறைச்சுத்தான் குடுத்தார். ஏன் குறைச்சார்?

2021 ஜூலை நடுவுல பெய்ஞ்ச மழையில ரூர் ஆறு பொங்கி, எசனோட தெற்குப் பக்கம் வெர்டன், கெட்விக் தெருக்களுக்குள்ள வந்துடுச்சு. அந்த வெள்ளத்துல ஜெர்மனி முழுக்க 180 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதிகமா ஆர் பள்ளத்தாக்குல. அப்ப நனைஞ்ச காரைக் கழுவி நம்ம தலையில கட்டிட்டாரோ?

நான் வேளச்சேரிக்காரன். இந்த பயம் ரத்தத்துல ஊறினது. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்கப்பா கார் சீட் வரைக்கும் முங்குச்சு. 2024 அக்டோபர்ல மழைன்னு எச்சரிக்கை வந்த உடனே, எங்க ஏரியா ஜனம் காரை எல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்திச்சே, அது சும்மா இல்ல.

வெள்ளத்துல நின்ன காரைக் கண்டுபிடிக்க எங்க ஊர் மெக்கானிக் சொல்லிக்குடுத்த வழி ஞாபகம் வந்துச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன், சேத்துக் கறை இல்ல. ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல வண்டல் இல்ல. சீட் போல்ட்லயும் துரு இல்ல. அப்படியும் சந்தேகம் போகலை. அண்ணா ரெண்டு தடவை போன் பண்ணார், நான் எடுக்கலை.

கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையைக் கழட்டி கார்பெட்டைத் தூக்கினப்பதான் விஷயம் புரிஞ்சுது. மேல இருக்கிறது வெறும் போர்வைங்க. அடியில சத்தம் அடக்குறதுக்கு தடியா ஒரு ஸ்பான்ஞ்சு மெத்தை இருக்கு. அழுத்தினா தண்ணி குளமா வருது. மேலே தேய்ச்சு என்ன பிரயோசனம்? ஷாம்பு போட்டு நானே இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தியிருக்கேன்.

வேற வழியில்லாம அண்ணாவுக்குப் போன் போட்டேன். வாடைன்னு மட்டும் சொன்னேன். "தம்பி, காரை எங்க விடுறனி? மரத்துக்குக் கீழயோ? பொனட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழ இலை கிடக்குதோ எண்டு பார்"ன்னார்.

பார்த்தேன். முன்கண்ணாடிக்குக் கீழ மழைத்தண்ணி விழுந்து வடியறதுக்கு ஒரு தொட்டி இருக்கு. வாசர்காஸ்டன், அதாவது தண்ணிப்பெட்டின்னே இங்க பேர். அதோட ஓட்டையை மக்கின இலை அடைச்சிருந்துச்சு. தண்ணி தேங்கி, ஃபேன் காத்து இழுக்கிற வழியா உள்ளே இறங்கியிருக்கு. ரெண்டு கை இலையை அள்ளினேன், கடகடன்னு வடிஞ்சுது. ஒரு பாட்டில் தண்ணியைக் கண்ணாடி மேல ஊத்திட்டு உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல.

காயவைக்கிறதுதான் பெரிய கூத்து. தண்ணி உறிஞ்சற வாக்குவத்தை வீட்டுக் காவலாளி கடன் குடுத்தார், ஒண்ணரை பக்கெட் வந்துச்சு. சீட்டைக் கழட்டலை. அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சமாச்சாரம், அதுல விளையாட நான் தயாரில்ல. கார்பெட்டுக்கும் தரைக்கும் நடுவுல மரக்கட்டை முட்டுக் குடுத்து, பழைய நியூஸ்பேப்பரைத் திணிச்சு காலைலயும் ராத்திரியும் மாத்தினேன்.

நம்ம ஊர்னா நாலு கதவையும் திறந்துபோட்டா சாயங்காலம் அப்பளம் மாதிரி காஞ்சிடும். இங்க நவம்பர் குளிருக்கு அது வேலைக்காகாது. 5 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 7 கிராம் நீராவிதான் தாங்கும். அதையே 20 டிகிரிக்குச் சூடாக்கினா 17 கிராம் தாங்கும். அதனால ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு, காத்தைக் காலடிக்குத் திருப்பி, ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கி விடணும். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் காய்ச்சும், ஜன்னல் வெளியே தள்ளும். ஆனா நிறுத்தின இடத்துல காரணமில்லாம எஞ்சினை ஓடவிட இங்க சட்டம் இடம் குடுக்காது. ஓட்டித்தான் ஆகணும்.

வெள்ளிக்கிழமை ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போறதா முடிவு பண்ணி அண்ணாவையும் கூப்பிட்டேன். ஏ2 ரோட்டுல போக வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஹீட்டர், ரெண்டு பேரும் இட்லி மாதிரி வெந்தோம். இன்னும் நாலு நாள் அதே மாதிரி சுத்தினப்புறம்தான் மெத்தையில ஈரம் போச்சு.

அண்ணா அன்னிக்குப் பக்கத்து சீட்லதான் இருந்தார். திரும்பி வரும்போது சப்பாத்தைக் கழட்டிட்டு காலால கார்பெட்டைத் தடவிப் பார்த்து, "இன்னும் காயேல்லையடா"ன்னார். "போன் எடுக்கேல்லை, பரீட்சையோ?"ன்னும் கேட்டார். ஆமான்னுட்டேன்.

டிஸ்கி: அண்ணா, பரீட்சை எதுவும் இல்ல. மன்னிச்சுக்குங்க :-)