ஸ்டோர் மின் மெக்கானிக் வேலை: கையில் உள்ள தொழிலுக்குச் சான்றிதழ் பெறுங்கள்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு லயங்கள் புதைந்தன. உயிர் தப்பிய குடும்பங்களில் பல, கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம் தங்கியிருந்து, பின்னர் பூனாகலைப் பகுதியில் கட்டப்பட்ட புதிய வீடுகளில் குடியேறின. இப்படி இடம் மாறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக்கு அடுத்த கேள்வி வேலைதான்.

கொழுந்து பறிக்கும் வேலைக்கு மலை வேண்டும். ஸ்டோரில் மோட்டார், ஸ்டார்ட்டர், வயரிங் பார்த்தவரின் தொழிலோ அவரோடு கூடவே வரும். பண்டாரவளையில் ஒரு தையல் ஆலையிலும், பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகளிலும் ஓடுவது அதே வகை மோட்டார்தான். ஆனால் பல வருட அனுபவம் இருந்தும், அதைக் காட்ட ஒரு காகிதம்கூட இல்லாதவர்கள் நம்மில் பலர். இந்தப் பகுதி அவர்களுக்கும், இத்தொழிலைப் பழக விரும்பும் இளைஞர், யுவதிகளுக்கும் எழுதப்பட்டது.

வேலை என்ன?

முன்பு ஒரு ஸ்டோருக்கு ஒரே எஞ்சின். கூரைக்குக் கீழே நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து பெல்ட் போட்டு எல்லா இயந்திரங்களையும் ஓட்டுவார்கள். இன்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி, ரோலர், சலிக்கும் இயந்திரம், ட்ரையர் ஆகியவை பெரும்பாலும் 400 வோல்ட் திரீ பேஸ் மின்சாரத்தில் இயங்குகின்றன.

ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். நல்ல விலை போகும் தேயிலை அப்போதுதான் வரும். அந்த நாட்களில் வாட்டும் விசிறி நின்றால் தொட்டியில் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். ட்ரையரின் விசிறி நின்றால் தூள் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். பழுது வந்த பின் ஓடி வருவதோடு, பழுது வராமல் பார்த்துக்கொள்வதும் மெக்கானிக்கின் பொறுப்பு.

அடிக்கடி வரும் நான்கு பழுதுகள்

1. ஒரு பேஸ் போவது. மூன்றில் ஒரு பியூஸ் போனால் மோட்டார் உறுமும், சூடேறும், சில நிமிடங்களில் சுருள் எரியலாம். உடனே நிறுத்துங்கள். ஓவர்லோட் ரிலே சரியான அம்பியரில் வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அது அடிக்கடி விழுகிறது என்பதற்காக அளவைக் கூட்டி வைக்காதீர்கள். விழுவதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

2. தூசி அடைப்பது. தேயிலைத் தூளும் பஞ்சும் மோட்டாரின் மேல் படிந்தால் சூடு வெளியேறாது. கிழமைக்கு ஒரு தடவையாவது மின்சாரத்தைத் துண்டித்துத் துடையுங்கள்.

3. பெயரிங் தேய்வது. சத்தமும் அதிர்வும் முதல் எச்சரிக்கை. கிரீஸ் குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்.

4. ஈரம் ஏறுவது. வெள்ளத்தில் நனைந்த மோட்டாரை ஒருபோதும் உடனே ஓட்ட வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்து, உலர்த்தி, மெகர் கருவியால் சோதியுங்கள். 400 வோல்ட் மோட்டாருக்கு ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அது இன்னும் ஓடத் தயாரில்லை.

மண்சரிவுக்குப் பின் அறுந்த லைனைத் திருத்தும்போது பேஸ் வரிசை மாறிவிடக்கூடும். அப்போது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே முதலில் ஒரு நொடி மட்டும் ஓட்டித் திசையைப் பாருங்கள்.

உயிரைக் காக்கும் ஐந்து படிகள்

இயந்திரத்தை நிறுத்துங்கள். ஐசொலேட்டரை இறக்குங்கள். அதில் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘வேலை நடக்கிறது, போடாதே’ என்ற அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவிடுங்கள். கடைசியாக, மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, அது வேலை செய்கிறது என்று உறுதியான பின் மூன்று வயர்களையும் சோதியுங்கள்.

அவசரம் என்று மேலிருந்து யார் சொன்னாலும் இந்த ஐந்தில் ஒன்றையும் விடாதீர்கள். ஒருவருக்கு மின் அதிர்ச்சி ஏற்பட்டால் அவரைக் கையால் தொட வேண்டாம். முதலில் மெயினை நிறுத்துங்கள். பின்னர் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

சான்றிதழ் பெறுவது எப்படி?

இலங்கையில் தொழில் திறனுக்குத் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். தனித்து வேலை செய்யக்கூடிய கைவினைஞருக்கு உரியது 4 ஆம் மட்டம்.

வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களுக்கு ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற வழி திறந்திருக்கிறது. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் உங்களிடம் கேள்வி கேட்பார். வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லுங்கள்.

தயார் செய்ய வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, தோட்ட நிர்வாகத்திடமிருந்து சேவைக் கடிதம், நீங்கள் செய்த வேலைகளின் படங்கள். கடிதத்தில் ‘தொழிலாளி’ என்று மட்டும் எழுதாமல், பார்த்த இயந்திரங்களையும் வேலை செய்த காலத்தையும் குறிப்பிடுமாறு கேளுங்கள். ஆவணங்கள் மண்ணில் புதைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் முதலில் அணுகுங்கள்.

புதிதாகப் பழக விரும்புவோர் பதுளை தொழில்நுட்பக் கல்லூரியிலும் நைட்டாவிலும் விசாரிக்கலாம்.

உங்கள் உரிமைகள்

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் உங்களிடமிருந்து கழிக்கப்படும். 12 சதவீதத்தை வேலை தருபவர் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் அவருடைய பொறுப்பு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. வீடு மாறியதால் வேலையை விடுபவர்கள் இதைக் கேட்காமல் போய்விடக்கூடாது. வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கோரச் சட்டம் இடமளிக்கிறது. விபத்து நடந்த அன்றே அதை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

புதிய வீட்டுக்குப் போகும் முன் பழைய தோட்டத்தின் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சேவைக் கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். தூரம் போன பிறகு அவற்றைத் தேடி வருவது பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போகும் வேலை.