சேமிக்கட்டுமா என்று கேட்கிறது!

கடவுச்சொல்லை அடித்து முடித்ததும், கணிப்பொறித் திரையின் மேலே சின்னஞ்சிறு பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கிறது. "சேமித்து வைக்கட்டுமா?" என்கிறது. பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளைகூட இத்தனை பணிவாகக் கேட்டதில்லை!

படிப்பகத்திலே, சங்க அலுவலகத்திலே கணிப்பொறி முன் அமரும் தோழர்கள் நம்மிடம் சொல்லும் குறைகள் இரண்டு. "கேட்டுக் கேட்டுத் தொல்லை தருகிறது" என்பார் ஒருவர். "நேற்றுவரை கேட்டது, இன்று வாயே திறக்கவில்லை" என்பார் மற்றவர். இரண்டுக்கும் மருந்து உண்டு. மருந்துக்கு முன்னே ஒரு கேள்வி: தோழரே, அந்த இயந்திரம் யாருடையது?

வீட்டிலே இருக்கிறது, நீங்கள் ஒருவரே தொடுகிறீர்கள் என்றால் தாராளமாகச் சேமியுங்கள். எல்லாத் தளத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதையும் நாட்காட்டியின் ஓரத்திலே எழுதி மாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பத்துப் பேர் வந்துபோகும் பொது இயந்திரமா? கதையே வேறு! குரோம் உலாவியிலே சேமித்த சொல்லைக் கண்ணால் பார்க்க விண்டோஸின் ரகசிய எண்ணைக் கேட்கும், உண்மை. அந்த எண்ணோ அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் மனப்பாடம்! பூட்டு இருக்கிறது, சாவி ஊர்ப்பொது! அதுமட்டுமா? பார்க்கத்தான் பூட்டு, பயன்படுத்தவோ பெரும்பாலும் பூட்டே இல்லை. தளத்தைத் திறந்தால் பெயரையும் சொல்லையும் உலாவியே நிரப்பி வைக்கும். அடுத்து அமர்பவர் நுழைய வேண்டியதுதான் பாக்கி. நுழைந்த இடம் உங்கள் மின்னஞ்சல் என்றால் என்ன ஆகும்? "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால், பல தளங்கள் புதுச்சொல் அமைக்கும் வழியை அங்கேதானே அனுப்புகின்றன! உழைத்துச் சேர்த்தவனின் கதவு, ஒரு பொத்தானை யோசிக்காமல் அழுத்தியதால் திறந்து கிடக்கிறது.

இனி மருந்து. கேட்பதே இல்லை என்றால், என்றோ ஒருநாள் 'நெவர்' பொத்தானை யாரோ அழுத்தியிருக்கக்கூடும். 'இப்போது வேண்டாம்' என்று நாம் நினைத்து அழுத்தினோம். 'எப்போதும் வேண்டாம்' என்று அது எழுதிக்கொண்டது! குரோமின் மூன்று புள்ளிகளை அழுத்தி, 'கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்' சென்று, அதன் 'செட்டிங்ஸ்' பக்கம் பாருங்கள். மறுத்த தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தளத்தின் பெயரை நீக்கினால் மீண்டும் கேட்கும். பயர்பாக்ஸில் அந்தப் பட்டியலுக்கு 'எக்ஸெப்ஷன்ஸ்' என்று பெயர்.

தொல்லை என்பவர்கள், 'சேமிக்கக் கேட்கவா' என்ற விசையை அதே பக்கத்தில் அணைத்துவிடலாம். ஆனால் ஒன்று: விசையை அணைத்தால் இனிமேல் கேட்காது, முன்பே சேமித்தவை அப்படியே இருக்கும்! அவற்றைத் தனியாக நீக்கியே தீரவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகள் கேட்கின்றனவா? உலாவியோடு வேறொரு கடவுச்சொல் காப்பானும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

பொது இயந்திரத்தின் குரோமிலே உங்கள் கூகுள் கணக்கை இணைப்பது இன்னும் பெரிய வம்பு. வீட்டிலே சேமித்த சொற்களெல்லாம் அங்கே ஊர்வலம் வந்துவிடும்! வலது மூலை வட்டத்தை அழுத்தி, 'கெஸ்ட்' என்னும் விருந்தினர் சன்னலைத் திறந்து வேலை பாருங்கள். மூடியதும், பார்த்த பக்கங்களின் தடம் உலாவியிலே நிற்காது. இறக்கிய கோப்பு மட்டும் தங்கிவிடும். அதை நாமே அழிக்கவேண்டும். பயர்பாக்ஸ்தான் பழக்கம் என்போர் 'பிரைமரி பாஸ்வேர்ட்' வைக்கலாம். 2020 வரை 'மாஸ்டர் பாஸ்வேர்ட்' என்றிருந்ததே, அதுதான். உலாவியைத் திறந்தபின் அந்த ஒரு சொல்லைத் தந்தால்தான் மற்றவற்றை நிரப்பும்.

ஏற்கெனவே பொது இயந்திரத்தில் சேமித்துவிட்ட தோழர்கள், அங்கே நீக்கியதோடு நிற்கவேண்டாம். கைப்பேசியிலிருந்து இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சலுக்கு, பிறகு வைப்பு நிதிக்கும் வங்கிக்கும்.